கனம், வேகம், விலை: குமரி மாவட்டத்தில் முதல் லேப்டாப் வாங்குபவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கல்லூரிச் சேர்க்கை தொடங்கியதும் நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு இந்தக் கேள்வி எழும்: பிள்ளைக்கு எந்த லேப்டாப் வாங்கலாம்? தூக்க லேசாக இருக்க வேண்டும், வேகமாக ஓட வேண்டும், விலை கையைக் கடிக்கக் கூடாது. இந்த மூன்றும் முழுசாக ஒரே பெட்டிக்குள் வராது. இரண்டு வரும், மூன்றாவதில் விட்டுக்கொடுத்தாக வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்று வீட்டிலேயே பேசி முடித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நாகர்கோவிலில் வாங்கினாலும், மார்த்தாண்டத்தில் வாங்கினாலும், ஆன்லைனில் வாங்கினாலும் இந்த ஒரு விஷயம் மாறாது.

முதலில் வேலையை எழுதுங்கள்

ஒரு தாளில் இந்த லேப்டாப்பில் என்னென்ன செய்யப் போகிறோம் என்று எழுதுங்கள். "எல்லாமும்தான்" என்று எழுதாதீர்கள். என்ன படிப்பு, என்ன சாஃப்ட்வேர், எத்தனை வருடம் என்று எழுதுங்கள்.

பி.ஏ., பி.காம்., ஆசிரியர் பயிற்சி, நர்சிங், அலுவலக வேலை என்றால் வேர்டு, எக்செல், பிடிஎஃப், வீடியோ வகுப்பு, பிரவுசர் இவ்வளவுதான். இதற்குப் பெரிய பிராசஸர் (கணினியின் மூளையான சில்லு) தேவையில்லை. நர்சிங், மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்கு எடை குறைவும் நல்ல திரையும்தான் முக்கியம், ஏனென்றால் அவர்கள் மணிக்கணக்கில் படிக்கப் போவது பிடிஎஃப். கணக்கு எழுதும் டாலி சாஃப்ட்வேரை ஓட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டாலிபிரைம் விண்டோஸுக்காகச் செய்யப்பட்டது. எனவே ஆப்பிளின் மேக்புக் ஆசையை விட்டுவிடுங்கள். எண் விசைகள் தனியாக இருக்கிற 15.6 அங்குல லேப்டாப் அவர்களுக்கு வசதி. 14 அங்குலம்தான் வேண்டும் என்றால் யூஎஸ்பியில் செருகுகிற நம்பர் பேடு தனியாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு.

பி.சி.ஏ., பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், ஐடி என்றால் கோடு எழுதுவதற்குச் சாதாரண லேப்டாப்பே போதும். ஆனால் போன் ஆப் செய்கிற ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவைத் திறந்து எமுலேட்டரையும் (கணினிக்குள் ஓடும் மாதிரிப் போன்) ஓட்டும்போது 8 ஜிபி ரேம் (ஓடுகிற வேலைகளைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) திணறும். இவர்கள் 16 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

சிவில், மெக்கானிக்கல் படிப்பவர்கள் விஷயத்தில்தான் பெற்றோர் அதிகம் பயந்து செலவு செய்கிறார்கள். ஆட்டோகேட், ரெவிட், சாலிட்வொர்க்ஸ் என்ற வரைபட சாஃப்ட்வேர்களின் பெயர்களைக் கேட்டதும் கேமிங் லேப்டாப் வாங்கிவிடுகிறார்கள். கல்லூரியில் இரண்டாம், மூன்றாம் ஆண்டு படிக்கிற ஒரு அண்ணனையோ அக்காவையோ பிடித்து, "இதையெல்லாம் எந்த செமஸ்டரில் தொட்டீங்க? லேபிலா, சொந்த லேப்டாப்பிலா?" என்று கேளுங்கள். முதல் வருடத்தில் கனமான சாஃப்ட்வேர் பெரும்பாலும் வராது, வரும்போது லேபில் கணினி இருக்கும். இரண்டு பரிமாண ஆட்டோகேட் வரைபடத்துக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு (படங்களைக் கையாளும் தனிச் சில்லு) இல்லாத, இன்டெல் ஐ5 பிராசஸர் உள்ள நல்ல லேப்டாப்பே போதும். முப்பரிமாண மாடல், ரெண்டரிங் என்று தினமும் செய்யப் போகிறவர்களுக்கும், கல்யாண வீடியோ எடிட்டிங்கில் இறங்குபவர்களுக்கும்தான் தனி கார்டு அவசியம். மாணவர்களுக்கு ஆட்டோடெஸ்க் நிறுவனம் ஆட்டோகேடையும் ரெவிட்டையும் இலவசமாகத் தருகிறது, ஒவ்வொரு வருடமும் புதுப்பித்துக்கொள்ளலாம். திருட்டு சாஃப்ட்வேர் தேடி அலைய வேண்டாம்.

அப்புறம் எப்படித் தூக்கிக்கொண்டு போவீர்கள்?

குலசேகரத்திலிருந்தோ கருங்கலிலிருந்தோ பஸ் ஏறி நாகர்கோவிலுக்குப் படிக்க வருகிற பிள்ளைக்குக் காலையில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். பையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். நாகர்கோவில், இரணியல், குழித்துறை நிலையங்களில் ரயிலேறிக் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குத் தினமும் போய் வருபவர்களுக்கும் இதே பாடுதான். இவர்களுக்கு முதல் கணக்கு எடையாக இருக்க வேண்டும்.

மெல்லிய 14 அங்குல லேப்டாப் 1.2 முதல் 1.4 கிலோ வரும். சாதாரண 15.6 அங்குலம் 1.6, 1.7 கிலோ. கேமிங் லேப்டாப் 2.2 கிலோவுக்கு மேலே. இதோடு சார்ஜரைச் சேர்க்க மறந்துவிடுவோம். சாதாரண சார்ஜர் 200, 300 கிராம். கேமிங் லேப்டாப்பின் அடாப்டர் அரைக் கிலோவைத் தாண்டும். ஆக, அந்தப் பை புத்தகம் வைக்கும் முன்பே 3 கிலோவைத் தொட்டுவிடுகிறது.

கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் ஒரு சின்னச் சோதனை வையுங்கள். தண்ணீர் நிரப்பிய ஒரு லிட்டர் பாட்டில் மூன்றைப் பையில் போட்டு, ஒரு நாள் முழுக்க அதே பஸ்ஸில் போய் வரச் சொல்லுங்கள். சாயங்காலம் வந்து என்ன சொல்கிறதோ அதைக் கேட்டு முடிவெடுங்கள். ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளை என்றால் எடையைப் பற்றி இவ்வளவு கவலை வேண்டாம். வாரம் ஒருமுறையோ மாதம் ஒருமுறையோ தூக்குகிற லேப்டாப் 1.8 கிலோ இருந்தால் ஒன்றும் குறைந்துவிடாது, அந்தப் பணத்தை வேகத்தில் போடலாம்.

ஸ்கூட்டரில் போகிறவர்கள் லேப்டாப் பையைக் கால் வைக்கிற இடத்தில் வைக்காதீர்கள். நம் ஊர்ச் சாலையின் ஒவ்வொரு குழியும் நேராக அதன் கீல்களில் போய் இறங்கும். முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள்.

இனி வேகம்: ரேமிலிருந்து தொடங்குங்கள்

கடையில் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணே, இது ஐ3. அது ஐ5. நாலாயிரம்தான் கூட. பிள்ளை நாலு வருஷம் படிக்கணும்லா?"

"மக்ளே, அப்போ ஐ5-ஏ எடுத்துருவோமா?"

அந்த இடத்தில் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. எந்தத் தலைமுறை ஐ5? ரேம் எவ்வளவு? கூடுதல் ரேம் போட ஸ்லாட் இருக்கிறதா? பழைய தலைமுறை ஐ5-ஐ விடப் புதிய ஐ3 பல வேலைகளில் முந்திவிடும். 8 ஜிபியோடு நின்றுபோன ஐ5-ஐ விட 16 ஜிபி உள்ள ஐ3 அன்றாடப் பயன்பாட்டில் நிம்மதியாக இருக்கும். பிரவுசரில் இருபது டேப், பின்னால் வாட்ஸ்அப், ஒரு எக்செல், ஒரு வீடியோ வகுப்பு என்று ஓடும்போது லேப்டாப் நின்று யோசிப்பதற்குப் பெரும்பாலும் ரேம் பற்றாக்குறைதான் காரணம்.

மெல்லிய லேப்டாப்களில் ரேமை மதர்போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள். வாங்கிய அளவுதான் கடைசிவரை. அப்படிப்பட்டதை 8 ஜிபியில் வாங்க வேண்டாம். ஸ்லாட் இருந்தால் இப்போது 8 ஜிபியில் வாங்கிப் பிறகு கூட்டலாம் என்பது பல வருடமாகச் சொல்லப்பட்டுவரும் நல்ல யோசனை. ஆனால் 2025 கடைசி மாதங்களிலிருந்து ரேம், எஸ்எஸ்டி (ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பகுதி) இரண்டின் விலையும் உலகமெங்கும் ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் அந்தச் சில்லுகளை அள்ளிக்கொண்டு போகின்றன. எனவே தனி ரேமின் அன்றைய விலையைக் கேட்டு, கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சில மாடல்களில் 16 ஜிபியாகவே வாங்கிவிடுவது லாபம்.

பிராசஸர் பெயர்களில் ஒரு மறைவான விஷயம் இருக்கிறது, அதைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். ஏஎம்டி ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு. பெயரில் ஒரே ஓர் எண்தான் வித்தியாசம். இரண்டுமே "ரைசன் 5", இரண்டிலுமே 7 என்று தொடங்குகிறது. ஆனால் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கட்டமைப்பைச் சொல்கிறது. 7520யு-வில் இருப்பது பழைய ஜென் 2 கட்டமைப்பு, நான்கு கோர் (கணக்குப் போடும் மையம்). 7530யு-வில் ஜென் 3, ஆறு கோர். பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், வேலையில் நல்ல இடைவெளி உண்டு. 7520யு உள்ள லேப்டாப்களில் ரேமும் பற்றவைத்ததுதான். லேசான வேலைக்கு அது மோசமில்லை. 7530யு-வின் விலை கொடுத்து 7520யு-வை வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இன்டெலிலும் இதேபோல் உண்டு. கடைசியில் "யு" என்று முடிந்தால் மின்சாரம் குறைவாகச் செலவழிக்கும், பேட்டரி கூடுதல் நேரம் நிற்கும். "எச்" என்று முடிந்தால் வேகம் அதிகம், சூடும் ஃபேன் சத்தமும் அதிகம். ஐ5-12450எச், ஐ5-13420எச் போன்றவை நடுத்தர விலையில் நல்ல வேகம் தருபவை. 2023 இறுதியில் இன்டெல் தன் பெயர்களில் "ஐ"-யை எடுத்துவிட்டது. இப்போது கோர் 5, கோர் அல்ட்ரா 5 என்று வருகிறது. கோர் 5 120யு என்பது 13ஆம் தலைமுறையின் தொடர்ச்சிதான். கோர் அல்ட்ரா 5 125எச் புதிய கட்டமைப்பு, உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸும் அதில் நன்றாக இருக்கும். "அல்ட்ரா" என்ற சொல் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துப் பணம் கொடுங்கள்.

செலரான் என்4020 போன்ற இரண்டு கோர் பிராசஸரோடு வருகிற மலிவு லேப்டாப்களைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். விலையைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கினால் வீடியோ வகுப்பு ஒன்றை ஓட்டவே அது சிரமப்படும். ஸ்னாப்டிராகன் எக்ஸ் பிராசஸர் உள்ள விண்டோஸ் லேப்டாப்கள் எடை குறைவு, பேட்டரியும் நன்றாக நிற்கும். ஆனால் பழைய பிரிண்டர் டிரைவர்களும் சில சாஃப்ட்வேர்களும் அவற்றில் ஓடாது. கல்லூரியில் கேட்கிற சாஃப்ட்வேர் ஓடுமா என்று உறுதி செய்யாமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

எஸ்எஸ்டி 512 ஜிபி எடுங்கள். விண்டோஸ் 11-க்கே குறைந்தது 64 ஜிபி இடம் வேண்டும், 256 ஜிபி ஒரு வருடத்தில் நிறைந்துவிடும். 512 என்று வாங்கிய லேப்டாப்பில் 476 ஜிபி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். தயாரிப்பாளர் கணக்கிடும் முறை வேறு, விண்டோஸ் கணக்கிடும் முறை வேறு. யாரும் ஏமாற்றவில்லை.

திரையைக் கடை வாசலுக்குக் கொண்டுவாருங்கள்

கடைக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் தெரியும். ஷோகேஸில் இருக்கும் லேப்டாப்பைக் கடை வாசல் வரை கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். வாசல் வெளிச்சத்தில் வைத்து, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, திரையை மேலும் கீழும் சாய்த்துப் பாருங்கள். எழுத்து சாம்பல் பூத்தமாதிரித் தெரிந்தால், பக்கவாட்டில் நிறம் மாறினால், அதை வீட்டுத் திண்ணையில் வைத்துப் படிக்க முடியாது.

எண்ணாகக் கேட்பதென்றால், 250 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அளவு) என்பது அடிமட்டம். 300-க்கு மேல் இருந்தால் நல்லது. பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத ஐபிஎஸ் திரையா என்று கேளுங்கள். திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று எழுதியிருந்தால் நிறங்கள் வெளிறித் தெரியும். பாடம் படிக்க அது போதும். ஆல்பம் டிசைன், போட்டோ, வீடியோ வேலை என்றால் "100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி" இல்லாத திரையைத் தொடாதீர்கள். உங்கள் திரையில் சரியாகத் தெரிந்த மணப்பெண்ணின் முகம் அச்சில் வேறு நிறத்தில் வந்து நிற்கும்.

வாசலில் நிற்கும்போதே இன்னும் இரண்டு காரியம் செய்யுங்கள். விசைப்பலகையின் நடுவில் கட்டைவிரலால் அழுத்துங்கள். பள்ளமாக அமுங்கினால் உடல் பலமில்லை. பிறகு மூடியை ஒரு மூலையில் பிடித்துத் திறந்து பாருங்கள். கீல் பக்கம் பிளாஸ்டிக் விலகுகிறதா, சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். மலிவு லேப்டாப்களில் பிராசஸர் பழசாகும் முன்பே உடைந்துபோவது அந்தக் கீல்தான்.

பேட்டரி, மின்சாரம், கடல் காற்று

பெட்டியில் "10 மணி நேரம்" என்று போட்டிருப்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். பேட்டரியின் வாட்-மணி (அதில் அடங்கும் மின்சாரத்தின் அளவு) எவ்வளவு என்று பாருங்கள். 42 வாட்-மணி பேட்டரி, லேசான வேலையில் லேப்டாப் 8 வாட் எடுக்கிறது என்றால் சுமார் 5 மணி நேரம். கனமான வேலையில் 15 வாட் எடுத்தால் 3 மணி நேரம்கூட வராது. பகல் முழுக்க வெளியே இருப்பவர்கள் 50 வாட்-மணிக்கு மேல் தேடுங்கள். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகிறதா என்றும் கேளுங்கள். 65 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்று போனுக்கும் லேப்டாப்புக்கும் சேர்த்து உதவும், சார்ஜர் கெட்டாலும் மாற்றுச் சார்ஜர் எந்த ஊரிலும் கிடைக்கும்.

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்குகிற மழை இடைவெளி விட்டு டிசம்பர் வரை வந்துகொண்டே இருக்கும். ரப்பர் தோட்டப் பக்கங்களில் காற்றடித்து மரக்கிளை லைனில் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே பேட்டரிக்குக் கொடுக்கும் பணம் இங்கே வீண் போகாது. இடி மின்னல் நேரத்தில் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள், இன்டர்நெட் கேபிள் செருகியிருந்தால் அதையும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது.

சார்ஜ் போட்டிருக்கும்போது லேப்டாப்பின் உலோக உடலைத் தொட்டால் லேசாகச் சுர்ரென்று இழுக்கிறதா? வீட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று முனை பிளக்கை இரண்டு முனையாக்கிப் போட்டாலும் இப்படித்தான் இருக்கும்.

குளச்சல், முட்டம், மணக்குடி என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் கடல் பக்கத்து ஜன்னலோரம் லேப்டாப்பை வைத்துப் பழகாதீர்கள். ஃபேன் உப்புக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும். போர்ட்டுகளும் உள்ளே இருக்கும் இணைப்புகளும் மெல்ல அரிக்கும். வேலை முடிந்ததும் பைக்குள் வைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டைப் போட்டு மூடிவிடுங்கள். கடலோர வீட்டுக்கு ஃபேனே இல்லாத மாடலும் யோசிக்கத்தக்கது. மேக்புக் ஏர் அப்படிப்பட்டது.

விலை எங்கே நிற்கலாம்?

30,000 ரூபாய்க்குக் கீழே புது லேப்டாப் வேண்டாம் என்பேன். அந்தப் பணத்துக்கு நிறுவனங்கள் பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்த லெனோவா திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் வகை லேப்டாப்களைப் பாருங்கள். உடல் பலமாக இருக்கும், விசைப்பலகை அருமையாக இருக்கும். இரண்டு விஷயம் மட்டும் கட்டாயம். இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பின் வந்ததாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, 7ஆம் தலைமுறையும் அதற்கு முந்தியவையும் விண்டோஸ் 11-ஐ முறையாக ஏற்காது. இரண்டாவது, பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அதில் டிசைன் கெப்பாசிட்டி (புதிதில் இருந்த கொள்ளளவு), ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி (இப்போது இருக்கும் கொள்ளளவு) என்று இரண்டு எண் இருக்கும். இரண்டாவது எண் முதல் எண்ணில் 70 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் புது பேட்டரி விலையைக் குறைத்துக்கொண்டு பேசுங்கள்.

40,000 முதல் 50,000 வரை: லேசான வேலைக்குத் தேவையான எல்லாம் கிடைக்கும். இந்த விலையில் பெரும்பாலும் 15.6 அங்குலம்தான் வரும், எடையில்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். 55,000 முதல் 70,000 வரை: 16 ஜிபி, நல்ல பிராசஸர், 1.4 கிலோவுக்குப் பக்கத்தில் 14 அங்குலம் என்று மூன்றும் ஓரளவு ஒத்துவருகிற இடம் இது. தினமும் தூக்குகிற, நான்கு வருடம் வைத்திருக்கிற பிள்ளைக்கு என் பரிந்துரை இந்த வட்டம்தான். ஒரு லட்சத்தை நெருங்கினால் 16 ஜிபி மேக்புக் ஏர் பார்க்கலாம். எம்4 பிராசஸரோடு 2025 மார்ச்சில் 99,900 ரூபாய்க்கு வந்தது, மாணவர்களுக்கு 89,900. 1.24 கிலோதான், பேட்டரியும் நாள் முழுக்க நிற்கும். உங்கள் படிப்புக்கான சாஃப்ட்வேர் மேக்கில் ஓடும் என்றால் மட்டும் வாங்குங்கள்.

இந்த எண்களை உத்தேசமாக வைத்துக்கொள்ளுங்கள், மெமரி விலை ஏற ஏற இவையும் நகரும். ஒரே மாடல் சீசனுக்குச் சீசன் சில ஆயிரம் ஏறி இறங்கும். நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஆகஸ்ட், செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் ஓணம் தள்ளுபடி, பின்னாலேயே இங்கே ஆயுதபூஜை, தீபாவளித் தள்ளுபடி. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஜிஎஸ்டி எல்லையின் இரு பக்கமும் ஒரே 18 சதவீதம்தான்.

மறைந்திருக்கும் செலவுகளைக் கேட்டுவிடுங்கள். "டாஸ்" லேப்டாப் என்று விலை குறைத்துத் தந்தால் அதில் விண்டோஸ் இல்லை என்று பொருள். கடையில் இலவசமாகப் போட்டுத் தருகிற விண்டோஸ் பெரும்பாலும் உரிமம் இல்லாதது, வேண்டாம். எம்எஸ் ஆஃபீஸ் சேர்ந்து வருகிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் லிப்ரேஆஃபீஸ் இலவசம். ஆன்டிவைரஸ் தனியாக வாங்க வேண்டியதில்லை, விண்டோஸோடு வருவதே வீட்டுப் பயன்பாட்டுக்குப் போதும். தமிழில் தட்டச்சு செய்யவும் எதுவும் வாங்க வேண்டாம். தமிழ்99, அஞ்சல் இரண்டுமே விண்டோஸ் 11-இல் உள்ளேயே இருக்கின்றன. நோ-காஸ்ட் இஎம்ஐ என்றால் பிராசசிங் ஃபீஸ் எவ்வளவு, வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி எவ்வளவு, ரொக்கமாகக் கொடுத்தால் விலை எவ்வளவு என்று மூன்றையும் கேளுங்கள்.

கல்ஃபிலிருந்து வருகிற லேப்டாப்

மாமாவோ அண்ணனோ கல்ஃபில் இருக்கிற வீடு இங்கே ஏராளம். "லீவுக்கு வரும்போது வாங்கிட்டு வாரேன்" என்று அவர்கள் சொல்வது அன்பினால்தான். விலையிலும் லாபம் இருக்கலாம். துபாயில் வாட் வரி 5 சதவீதம், இங்கே ஜிஎஸ்டி 18. பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு லேப்டாப்பைச் சுங்கவரி இல்லாமல் கொண்டுவரவும் முடியும்.

ஆனால் வாங்கும் முன் அவர்களிடம் சில விஷயங்களைச் சொல்லிவிடுங்கள். வாரண்டி இந்தியாவில் செல்லுமா? சில நிறுவனங்களில் சில மாடல்களுக்கு மட்டும் செல்லும். மாடல் எண்ணைப் போட்டு அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிடம் முன்பே கேட்டுவிட வேண்டும். விசைப்பலகையில் அரபி எழுத்தும் சேர்ந்திருக்கும், அது பிள்ளைக்கு இடைஞ்சலா என்று கேளுங்கள். பிளக் சதுர முனைகள் கொண்டதாக இருக்கும். கன்வெர்ட்டர் போடுவதை விட, இங்கே பொருந்துகிற நல்ல பவர் கார்டு வாங்கி அடாப்டரில் செருகிவிடுவது பத்திரம். வாரண்டி இங்கே இல்லையென்றால், விலை வித்தியாசம் பத்தாயிரத்துக்கு மேல் இருந்தால்தான் அந்த ரிஸ்க் எடுக்கலாம் என்பது என் கணக்கு. ஸ்கிரீனோ மதர்போர்டோ போனால் அந்த லாபம் ஒரே நாளில் கரைந்துவிடும்.

சர்வீஸ் எவ்வளவு தூரத்தில்?

பெரு நகரத்தில் இருப்பவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள், நாம் கேட்டாக வேண்டும். எந்த பிராண்டை முடிவு செய்தாலும், வாங்கும் முன் அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் 629 என்று தொடங்கும் உங்கள் பின்கோடைப் போட்டு, அருகில் எந்த ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறது என்று பாருங்கள். நாகர்கோவிலிலேயே இருந்தால் நல்லது. திருவனந்தபுரம், திருநெல்வேலி என்று காட்டினால் ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு நாள் போகும். அடுத்து, வாரண்டி ஆன்-சைட்டா, கேரி-இன்னா? கேரி-இன் என்றால் நாம் தூக்கிக்கொண்டு போக வேண்டும், ஆன்-சைட் என்றால் ஆள் வீட்டுக்கு வருவார். உங்கள் பின்கோடுக்கும் வருவாரா என்று கேளுங்கள், கிராமப் பகுதிகளுக்குச் சில நிறுவனங்கள் அனுப்புவதில்லை.

சாதாரண வாரண்டியில் கீழே விழுந்ததும் டீ கொட்டியதும் சேராது. பஸ்ஸில் போய் வருகிற பிள்ளைக்கு, எக்ஸ்டெண்டட் வாரண்டியை விட முதல் வருடத்துக்கான விபத்துப் பாதுகாப்புத் திட்டம் அதிகம் உதவும். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் இதை எடுங்கள்.

பெட்டியைத் திறக்கும்போது

கடையில் வாங்கினால் அங்கேயே திறக்கச் சொல்லுங்கள். ஆன்லைன் என்றால் பார்சலைப் பிரிப்பதை முழுசாக வீடியோ எடுங்கள். பெட்டியில் இருக்கும் சீரியல் நம்பர், லேப்டாப்பின் அடியில் இருப்பது, பில்லில் இருப்பது மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். அந்த நம்பரை நிறுவனத்தின் தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதியில் தொடங்குகிறது என்று பாருங்கள். முந்தைய தேதியைக் காட்டினால் பில்லைக் காட்டித் திருத்தித் தரச் சொல்லுங்கள்.

டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசஸரின் முழுப் பெயரும் ரேமின் அளவும் தெரியும். சொன்னதுதானா என்று ஒப்பிடுங்கள். திரை முழுக்க வெள்ளை, பிறகு கருப்பு என்று ஒரு படத்தைப் போட்டுப் புள்ளி ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு யூஎஸ்பி போர்ட்டிலும் பென்டிரைவைச் செருகிப் பாருங்கள். கேமரா, மைக், வைஃபை, எல்லா விசைகளும்.

முதல் வாரம் லேப்டாப்பை அலமாரியில் வைத்துப் பூட்டாதீர்கள். நல்ல நாள் பார்த்துத் திறக்கலாம் என்றும் விடாதீர்கள். பழுதான பொருளை மாற்றித் தருகிற அவகாசம் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். அதற்குள் எல்லா சாஃப்ட்வேரையும் போட்டு, இரண்டு மணி நேரம் தொடர்ந்து ஓட்டி, பேட்டரி காலியாகும்வரை ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள். குறை இருந்தால் அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்.

பில்லை அன்றே போட்டோ எடுத்து உங்கள் இமெயிலுக்கு அனுப்பிவையுங்கள். கடைகளில் தருகிற வழவழப்பான தெர்மல் தாள் பில் சில மாதங்களில் வெளுத்து எழுத்தே தெரியாமல் போய்விடும், சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது அந்தப் பில்லைத்தான்.